மிளகு காத்திருந்த இடங்கள்

முசிறி பாப்பிரஸ் பற்றி எங்காவது வாசித்திருப்பீர்கள். வியன்னாவில், ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கும் ஒரு கிழிந்த தாள். 1980இல் நூலகம் அதை வாங்கியது; 1985இல் அறிஞர்கள் படித்து வெளியிட்டார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதப்பட்டது. அதன் பின்பக்கத்தில் ஹெர்மாபோல்லோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்பீடு இருக்கிறது. கங்கைப் பக்கத்து சடாமாஞ்சில் 60 கொள்கலம், யானைத் தந்தம், இன்னும் பல. கால்பங்கு சுங்க வரி போக மிஞ்சிய மதிப்பு மட்டும் ஏறக்குறைய 69 லட்சம் டிராக்மா. எகிப்திய டிராக்மா ஒன்று, ரோமானிய செஸ்டர்ஸ் ஒன்று, இரண்டும் சமம் என்று கணக்கு. ரோம் செனட்டில் உட்கார ஒருவருக்கு இருக்கவேண்டிய குறைந்தபட்சச் சொத்தே 10 லட்சம் செஸ்டர்ஸ்தான். அப்படியென்றால் ஒரு கப்பலுக்குள் ஆறேழு செனட்டர்கள்!

வாட்ஸப்பில் சுற்றுவது இந்தப் பின்பக்கம்தான். முன்பக்கத்தை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை. அது ஒரு கடன் பத்திரம்.

பத்திரத்தின் தொடக்கம் நமக்குக் கிடைக்கவில்லை. கடன் கொடுத்தவர் பெயர், வாங்கியவர் பெயர் எல்லாம் கிழிந்த பகுதியோடு போய்விட்டன. மிஞ்சிய வரிகளில் கடன் வாங்கியவர் வரிசையாக வாக்குக் கொடுக்கிறார். சரக்கை உங்கள் நம்பிக்கைக்குரிய ஒட்டகக்காரரிடம் ஒப்படைப்பேன். காவலோடு பாலைவனத்தைத் தாண்டி, கோப்டோஸ் ஊரில் உள்ள அரசு வரிக் கிடங்கில் சேர்ப்பேன். அங்கே அது உங்கள் பொறுப்பில், உங்கள் முத்திரையின் கீழ், ஆற்றில் படகேறும்வரை இருக்கும். பிறகு அலெக்சாந்திரியாவில் கால்பங்கு வரி வாங்கும் கிடங்கு. அங்கேயும் உங்கள் முத்திரைதான். தவணைக்குள் நான் கடனைத் தீர்க்காவிட்டால் சரக்கை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், விற்கலாம், வேறொருவருக்கு அடகு வைக்கலாம்.

கடல், புயல், முசிறியின் அழகு, எதுவும் மிஞ்சிய பகுதியில் இல்லை. கவலை முழுக்க இரண்டு கிடங்குகளைப் பற்றி. அங்கே யார் முத்திரை இருக்கும் என்பதைப் பற்றி.

நான் பிழைப்புக்கு எழுதுவது கிடங்கு மேலாண்மை மென்பொருள். சரக்கு எந்த ரேக்கில், எந்தத் தட்டில், எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கணக்கு வைக்கும் நிரல். அதில் ‘ஹோல்ட்’ என்று ஒரு நிலை உண்டு. பொருள் கண்ணெதிரே இருக்கும், எண்ணிக்கை சரியாக இருக்கும், ஆனால் நகர்த்த முடியாது. வங்கியின் அடமானமாக இருக்கலாம், சுங்கம் கட்டாததாக இருக்கலாம், வாங்குபவர் தரச் சோதனை முடிக்காததாக இருக்கலாம். ஒரகடம் பக்கத்தில் ஒரு கிடங்கில் ஷிஃப்ட் மேற்பார்வையாளர் ஒருவர் பூட்டிய கம்பி வலைக்குள் இருந்த அட்டைப் பெட்டிகளைக் காட்டிச் சொன்னார்: “சார், இது நம்ம இடத்துல இருக்கு, ஆனா நம்ம சரக்கில்ல. வாங்குனவனுதும் இல்ல இன்னும்.” பாப்பிரஸின் முன்பக்கத்தை அதற்குப் பிறகுதான் முழு மொழிபெயர்ப்பில் படித்தேன். அந்தப் பெயர் தெரியாத ஆளின் சரக்கும் ஹோல்டில் இருந்தது.

கிடங்கை எங்கே அமைப்பது என்று நிர்வாகப் பாடப்புத்தகங்களில் ஒரு அத்தியாயம் இருக்கும். வாடிக்கையாளர்களின் இருப்பிடங்களை வரைபடத்தில் புள்ளிகளாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் தேவைக்கேற்ற எடை கொடுத்து, ஈர்ப்பு மையம் கண்டுபிடிக்கும் கணக்கு. அழகான கணக்குதான், பொறியியல் படித்தவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் நம் நாட்டில் 2017 ஜூலைக்கு முன்பு அந்தக் கணக்கைப் போட்டு என்ன பயன்? மாநிலம் தாண்டி விற்றால் மத்திய விற்பனை வரி. அதைத் தவிர்க்க நிறுவனங்கள் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு குடோன் போட்டு, சரக்கைத் தங்கள் கிளைக்கே அனுப்புவதாகக் கணக்கு எழுதி, அங்கிருந்து விற்றன. ஜிஎஸ்டி வந்ததும் அந்தச் சின்னச் சின்ன குடோன்களுக்குக் காரணம் இல்லாமல் போயிற்று. பலவற்றை மூடிவிட்டு, பெரிதாகச் சிலவற்றை வைத்துக்கொண்டார்கள். ஈர்ப்பு மையத்தை அதுவரை இழுத்துப் பிடித்திருந்தது வரி.

இந்தக் கேள்வியோடு மிளகின் பாதையைப் பின்தொடர்ந்து போனால், ஒவ்வொரு கிடங்கும் ஏன் அந்த இடத்தில் இருந்தது என்பதற்கு ஒவ்வொரு பதில் கிடைக்கிறது. தூரம் என்ற பதில் அநேகமாக வருவதே இல்லை.

முதலில் முசிறி. கப்பல்கள் எகிப்திலிருந்து ஜூலை வாக்கில் கிளம்பும். செங்கடலின் வாயில் இருந்த ஒகெலிஸுக்கு 30 நாள், அங்கிருந்து தென்மேற்குக் காற்றில் முசிறிக்கு 40 நாள் என்கிறார் பிளினி. ஆக, புரட்டாசி வாக்கில் வந்து சேரும். திரும்ப வடகிழக்குக் காற்று வேண்டும். டிசம்பரில், தப்பினால் ஜனவரி நடுப்பகுதிக்குள் கிளம்பிவிட வேண்டும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மலபாரில் மிளகு பழுத்துப் பறிப்பது பெரும்பாலும் மார்கழி, தை, மாசியில். பறித்துக் காயவைத்து மூட்டை கட்டி ஆற்றில் இறக்குவதற்குள் கப்பல் போய்விடும். அப்படியானால் கப்பலில் ஏறிய மிளகில் பெரும்பகுதி முந்தைய ஆண்டு பறித்ததாக இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். உலர்ந்த மிளகு வருடக்கணக்கில் கெடாது. ஆனால் மழைக்காலம் முழுக்க அதை நனையாமல், பூஞ்சை பிடிக்காமல் யாரோ வைத்திருக்க வேண்டும். கேரளத்து ஆடி மழை தெரியும்தானே?

எங்கே வைத்திருந்தார்கள்? கரையில் பெரிய ரோமானியக் கிடங்கைத் தேடினால் ஏமாற்றம்தான். பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, முசிறி கடலிலிருந்து ஆற்றில் 20 ஸ்டேடியா உள்ளே இருக்கிறது என்கிறது; மூன்றரைக் கிலோமீட்டர் அளவு. கப்பல் நிற்கும் இடம் கரையிலிருந்து தள்ளி இருந்ததால் சிறு படகுகளில் சரக்கேற்றினார்கள் என்கிறார் பிளினி. தெற்கே பக்காரேயில் ஒற்றை மரத்தைக் குடைந்த தோணிகளில் மிளகு வந்ததாம். பட்டணம் அகழாய்விலும் ஒரு குடைமரத் தோணி கிடைத்தது. புறநானூற்றில் பரணர் பாடிய முசிறியில் மிளகு மூட்டைகள் வீடுகளில் குவிந்து கிடக்கின்றன. கப்பலில் வந்த பொன்னைக் கழித் தோணிகள் கரைசேர்க்கின்றன. புலவர் சொல்வதை அப்படியே சரக்குப் பதிவேடாக எடுத்துக்கொள்ள முடியாதுதான். ஆனாலும் வீடு என்று அவர் சொன்னது எனக்கு முக்கியமாகப் படுகிறது. கப்பல்காரன் மூன்று மாதம் காற்றுக்காகக் காத்திருந்தான், அது பத்திரத்தில் ஏறியது. மிளகை ஒரு வருடம் வீட்டுக்குள் வைத்துக் காத்திருந்தவர்களின் செலவு எந்தப் பத்திரத்திலும் இல்லை.

மறுகரையில் பெரெனிகே. செங்கடலின் எகிப்தியக் கரையில், கோப்டோஸிலிருந்து ஒட்டகத்தில் 12 நாள். குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது, பயிர் விளையாது, தின்ன வேண்டிய கோதுமைகூட நைல் கரையிலிருந்து வரவேண்டும். அதற்கு 250 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே மியோஸ் ஹோர்மோஸ் என்று இன்னொரு துறைமுகம். அங்கிருந்து கோப்டோஸுக்கு ஆறேழு நாள்தான். ஈர்ப்பு மையக் கணக்குப் போட்டால் பெரெனிகே தேறவே தேறாது. பிறகு ஏன் அங்கே நூற்றாண்டுக் கணக்கில் சரக்கு இறக்கினார்கள்? செங்கடலின் வடபகுதியில் காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்தே வீசும். பாரமேற்றிய கப்பல் அதை எதிர்த்து ஊர்ந்து போக வேண்டும். அந்த எதிர்க்காற்றைவிடப் பாலைவனத்தில் கூடுதலாக ஐந்தாறு நாள் நடப்பது மேல் என்று முடிவு செய்திருக்கிறார்கள். நிலத்தில் நீண்ட வழியும் கடலில் குறுகிய வழியும் சேர்ந்து கிடைத்த சமரசம் பெரெனிகே. வெயிலுக்குப் பயந்து இரவில் நடந்தார்கள், பகலில் கிணறுள்ள தங்குமிடங்களில் கிடந்தார்கள் என்று பிளினி எழுதுகிறார்.

பெரெனிகேயில் அகழாய்வாளர்கள் செராபிஸ் கோயில் வளாகத்தில், இந்தியாவில் செய்த பெரிய சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகைக் கண்டெடுத்தார்கள். முதல் நூற்றாண்டு மிளகு. ஒரு பானை ஓட்டில் தமிழ் பிராமி எழுத்தும் கிடைத்தது. நம் ஊர்க்காரர் யாரோ அந்தத் தண்ணியில்லாக் காட்டில் தன் பெயரைக் கீறியிருக்கிறார்.

பாலைவனத்தைக் கடக்கும் பகுதி தனித் தொழிலாக இருந்தது. நிகானோர் என்பவரின் குடும்பம் முதல் நூற்றாண்டில் கோப்டோஸுக்கும் துறைமுகங்களுக்கும் இடையே ஒட்டகச் சுமை நடத்தியது. அவர்களின் ரசீதுகள் பானை ஓட்டுத் துண்டுகளில் எழுதப்பட்டுக் கிடைத்திருக்கின்றன. இன்னார் மூலம் இன்னது வந்து சேர்ந்தது. அவ்வளவுதான் ரசீது. நான் எழுதும் நிரலின் டேட்டாபேஸ் வரிசையும் கிட்டத்தட்ட அதே நீளம்தான். ஹெர்மாபோல்லோனில் 500 டன்னுக்கு மேல் மிளகு இருந்திருக்கும் என்று தே ரோமானிஸ் என்ற இத்தாலிய ஆய்வாளர் பாப்பிரஸின் எண்களை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார். மிஞ்சிய துண்டில் மிளகு என்ற சொல் இல்லை. அது அவருடைய அனுமானம். அதை ஒப்புக்கொண்டால், ஒரு கப்பல் சரக்கைச் சுமக்க மூவாயிரம் ஒட்டகம் அளவில் வேண்டும். மூவாயிரம் ஒட்டகம் ஒரே நாளில் கோப்டோஸ் வந்து சேராது. சில சுமை முதலில் வரும், சில பல நாள் கழித்து வரும். கிடங்கு இல்லாமல் படகில் ஏற்ற வழியே இல்லை. வேகமாக எழுதுபவனுக்கும் மெதுவாகப் படிப்பவனுக்கும் இடையே பஃபர் வைப்போமே, அதுதான்.

ஆனால் கோப்டோஸ் கிடங்கு பஃபர் மட்டுமாக இருந்திருந்தால் பத்திரத்தில் அத்தனை வரி வந்திருக்காது. பாலைவனமும் ஆறும் சேரும் ஒரே முடிச்சு அது. எல்லாச் சுமையும் அந்தக் கழுத்து வழியாகத்தான் போயாக வேண்டும். அரசு அங்கே உட்கார்ந்துகொண்டது. அரசு உட்கார்ந்த இடத்தில் கடன்காரரும் வந்து உட்கார்ந்துகொண்டார். அரசுக் காவல் இலவசம், முத்திரை தன்னுடையது. சரக்கு அரசுக் கட்டடத்தில், கடன்காரர் முத்திரையின் கீழ், வணிகர் பெயரில் இருக்கிறது. மூவரும் ஒருவரை ஒருவர் நம்பவேண்டிய தேவை இல்லை. நம் ஊர் சுங்கப் பிணைக் கிடங்குகளில் சில ஆண்டுகள் முன்புவரை கதவுக்கு இரண்டு பூட்டு போடுவார்கள். ஒரு சாவி உரிமையாளரிடம், இன்னொன்று சுங்க அதிகாரியிடம். தனியாக யாரும் திறக்க முடியாது.

இந்த முனையில் இப்படி என்றால், காவிரிப்பூம்பட்டினத்தில் சோழன் வேறென்ன செய்தான்? பட்டினப்பாலையில் கடலிலிருந்து வந்ததும் கடலுக்குப் போவதுமாகக் குவியும் பண்டங்களில் புலிச் சின்னம் பொறிக்கிறார்கள், காவல் கடுமையாக இருக்கிறது. அதே முற்றத்தில் மூட்டைக் குவியல்மேல் நாயும் ஆட்டுக்கடாவும் மலையாடு போலத் துள்ளி விளையாடுகின்றன. எனக்கு உருத்திரங்கண்ணனார் மேல் மரியாதை கூடியது அந்த நாயால்தான். கிடங்கு வளாகத்துக்குள் வேலை நிமித்தம் போனவர்களுக்குத் தெரியும், நாய் இல்லாத கிடங்கே கிடையாது.

இடையில் ஒரு சொல். கிடங்கு என்றால் சங்கத் தமிழில் அகழி; கோட்டையைச் சுற்றிய நீர்ப் பள்ளம். பின்னால்தான் சரக்கு வைக்கும் இடம் என்ற பொருள் ஊன்றியது. தெற்கே கிட்டங்கி என்பார்கள். இந்தச் சொல்லோ இதன் தெலுங்கு உறவோ கப்பலேறி மலாயில் ‘குடாங்’ ஆனது, போர்த்துகீசியர் வாய்வழி ஆங்கிலத்துக்குப் போனது, திரும்பி நம்மிடமே குடோனாக வந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அனுப்பிய சரக்கையே கூடுதல் விலைக்குத் திருப்பி வாங்கியிருக்கிறோம்.

அலெக்சாந்திரியாவில் நூற்றுக்கு 25 வரி. அதைக் காசாக வாங்காமல் சரக்காகவே எடுத்துக்கொண்டார்கள் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அப்படியென்றால் வரும் ஒவ்வொரு நான்கு மூட்டைக்கும் ஒன்று பேரரசருடையது. பேரரசரே பெரிய மிளகு வியாபாரி. அவருக்கும் அதை வைக்க இடம் வேண்டாமா? கி.பி. 92 வாக்கில் டொமிஷியன் ரோமின் நடுமையத்தில், புனிதச் சாலை என்ற தெருவை ஒட்டி, மிளகுக் கிடங்கு ஒன்றையே கட்டினார். ஹொர்ரேயா பிபெராத்தாரியா என்று பெயர். அந்தக் கிடங்குக்குப் போகும் முன் புட்டியோலியில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

நேப்பிள்ஸ் அருகிலுள்ள துறைமுகம் அது. அலெக்சாந்திரியாவின் கோதுமைக் கப்பல்கள் அங்கேதான் வரும். 1959இல் பொம்பேயி பக்கத்தில் நெடுஞ்சாலை போடும்போது ஒரு பெட்டி மரப்பலகைகள் கிடைத்தன. எல்லாம் புட்டியோலியின் வட்டிக்கடை ஆவணங்கள். கி.பி. 37 ஜூன் 18 அன்று கயுஸ் நோவியுஸ் எவ்னுஸ் என்பவர் 10,000 செஸ்டர்ஸ் கடன் வாங்குகிறார். அடமானம் அலெக்சாந்திரியக் கோதுமை 7,000 மோடியுஸ், நம் கணக்கில் 45 டன்னுக்கு மேல். கூடவே கடலை, பயறு என்று 200 மூட்டை. எல்லாம் பாஸ்ஸியான பொதுக் கிடங்கில் இருக்கிறது. சில நாளில் இன்னொரு 3,000. ஜூலை 2 அன்று கடன் கொடுத்தவர், சரக்கு இருக்கும் 12ஆம் எண் அறையைத் தன் பெயருக்கு வாடகைக்கு எடுக்கிறார். வாடகை மாதம் ஒரு செஸ்டர்ஸ். கேட்டால் சிரிப்பு வரும் தொகை. வாடகை அங்கே நோக்கமில்லை. ஒரு தானிய மூட்டைகூட நகரவில்லை, அறையின் பெயர் மாறியது, அதோடு கோதுமை பிணையாகிவிட்டது.

எவ்னுஸ் தன் கையால் எழுதிய பலகைகள் லத்தீன் மொழியியலாளர்களிடையே பிரபலம், ஏனென்றால் அவ்வளவு எழுத்துப் பிழை. பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறார். அந்தப் பிழைகளோடு, சரக்குக்கு வரும் எல்லா ஆபத்தும் என்னுடையது என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார். சாவி கடன்காரரிடம், ஆபத்து எவ்னுஸிடம். அவர் விடுதலை பெற்ற முன்னாள் அடிமை. கடன் கொடுத்த ஹெசிகுஸ் இன்னும் அடிமை. எஜமானரின் பணத்தை வட்டிக்கு விடுபவர். இரண்டு வருடம் கழித்து, கி.பி. 39இல், எவ்னுஸ் இன்னும் 1,250 செஸ்டர்ஸ் பாக்கி. தவணை தவறினால் நாளுக்கு 20 அபராதம். அதற்குள் ஹெசிகுஸ் பேரரசரின் அடிமையாகிவிட்டார். பாக்கியை வசூலிப்பது இப்போது சீசரின் ஆள். கோதுமை என்ன ஆயிற்று என்று பலகைகள் சொல்லவில்லை.

ரோமில் புனிதச் சாலைக் கிடங்குகளில் இடம் வாங்கியவர்களில் ஒருவர் மருத்துவர் கேலன். கி.பி. 192இல் அங்கே பெருந்தீ. அது பற்றி அவர் எழுதிய கடிதம் தொலைந்ததாகவே கருதப்பட்டது. 2005இல் தெசலோனிக்கியின் ஒரு மடத்து நூலகத்தில் கையெழுத்துப் பிரதி கிடைத்தது. கிடங்கை எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்று ஒரு வாடிக்கையாளரே விளக்கும் பழைய ஆவணம் இதைவிடத் தெளிவாக நான் பார்த்ததில்லை. அந்தக் கட்டடங்களில் கதவு தவிர மரமே கிடையாது. பக்கத்தில் தனியார் வீடு எதுவும் இல்லை. அரசு அதிகாரிகள் நால்வரின் ஆவணங்கள் அங்கே இருந்ததால் படைவீரர் காவல் உண்டு. ஆகவே அங்கே வாடகை அதிகம், ஆகவே நாங்கள் நம்பிக்கையோடு விலையுயர்ந்ததையெல்லாம் அங்கே வைத்தோம் என்கிறார். எல்லாம் சரியான காரணங்கள். நான் இன்று ஒரு டேட்டா சென்டரைத் தேர்ந்தெடுத்தாலும் இவற்றைத்தான் கேட்பேன்.

கேலன் ஊருக்குக் கிளம்பும்போது வீட்டில் இருந்ததையும் கொண்டுபோய் அங்கேயே வைத்தார். இலவங்கப்பட்டை, மருந்துகள், கருவிகள், சொந்தக் கையால் திருத்திய நூல்கள். தன் நூல்களுக்குப் படிகள் எடுத்துவைத்திருந்தார். கோடை தொடங்கியதும் அவற்றைக் கம்பானியாவுக்கு அனுப்புவதாகத் திட்டம். பனிக்காலத்தின் முடிவில் தீப்பிடித்தது. இரண்டு மாதம் தாமதித்திருந்தால் படிகள் தப்பியிருக்கும். பேக்கப் இருந்தது, அசலோடு அதே கட்டடத்தில் இருந்தது. நான் துக்கப்படவில்லை என்று கடிதம் முழுக்கச் சொல்கிறார். அத்தனை பொருளையும் ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டுவிட்டுச் சொல்கிறார்.

மிளகுக் கிடங்கு இருந்த இடத்தின் மேல் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாக்சென்டியஸ் பெரிய மண்டபம் எழுப்பினார். மூன்று பிரம்மாண்ட வளைவுகள் இன்றும் நிற்கின்றன. சுற்றுலாப் பயணிகள் படமெடுப்பது அதைத்தான். அடியில் இருப்பது கிடங்கு. அதற்குப் பிறகும் மிளகு நகரத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தது. கி.பி. 408இல் கோத்துகளின் தலைவர் அலாரிக் ரோமை முற்றுகையிட்டு, விலகிப்போகக் கேட்ட விலையில் தங்கம் 5,000 பவுண்டு, வெள்ளி 30,000 பவுண்டு, பட்டு அங்கி 4,000 என்பவற்றோடு மிளகு 3,000 பவுண்டும் இருந்தது. கிட்டத்தட்ட ஒரு டன். பட்டினி கிடந்த நகரம் அதற்கும் இசைந்தது.

அடுத்த வருடம் அவர் திரும்பி வந்தார். இந்த முறை நகரத்தின் மதிலுக்கு நேராக வரவில்லை. ஆற்றுமுகத்தில் இருந்த போர்ட்டுஸ் துறைமுகத்துக்குப் போனார். ரோமின் தானியம் முழுக்க அங்கே கிடங்குகளில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஆள் அனுப்பினார். செனட் அவர் சொன்னவரைப் பேரரசராக ஏற்றுக்கொண்டது.